தள்ளுபடி விலையில் ஒரு பிட்ச்சர்

2019 அக்டோபர் 19. மேஜர் லீக் பேஸ்பாலின் இரு கிளைகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இறுதித் தொடர், ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இரண்டு ரன் முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தை முடித்து வைக்க ராபர்ட்டோ ஓசுனா வருகிறார். நியூயார்க் யாங்கீஸின் டி.ஜே. லமேஹியூ இரண்டு ரன் தரும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் போன்ற அடி) அடித்து ஆட்டத்தைச் சமன் செய்கிறார். இன்னிங்ஸின் அடுத்த பாதியில் யாங்கீஸுக்காக அரோல்டிஸ் சாப்மன் பந்தெறிய வருகிறார். இம்முறை ஹோசே ஆல்டூவே ஹோம் ரன் அடிக்கிறார். தொடர் முடிந்தது, பட்டத்தைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸுக்கு ஆஸ்ட்ரோஸ் போகிறது.

அந்த ஒரே இன்னிங்ஸில் அடி வாங்கிய இரு பிட்ச்சர்களுக்கும் பொதுவான ஒரு கடந்தகாலம் உண்டு. மேஜர் லீக் பேஸ்பால் 2015இல் கொண்டுவந்த குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள். சாப்மனுக்கு 30 ஆட்டம், ஓசுனாவுக்கு 75 ஆட்டம். அந்தச் சிக்கலால் மதிப்பு சரிந்திருந்த வேளையில் இருவரையும் வேறு அணிகள் பரிமாற்றத்தில் வாங்கிக்கொண்டன.

ஆண்டுதோறும் ஜூலை நெருங்கி, வீரர் பரிமாற்றச் சந்தை சூடுபிடிக்கும்போது பேஸ்பால் ரசிகர்கள் ஒரே வாக்குவாதத்தைத் தொடங்குகிறார்கள். நம் அணிக்கு ஒரு நல்ல பிட்ச்சர் தேவை. சந்தையில் இருப்பவர்களில் ஒருவருக்குத் தோள் சரியில்லை, இன்னொருவருக்குப் பெயர் சரியில்லை, எந்தக் குறையும் இல்லாதவருக்கு விலை எட்டவில்லை. யாரை வாங்குவது? ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஏலம் கிடையாது, ஆளுக்கு ஆள் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் இன்றைய வெற்றிக்காக நாளைய இளைஞர்களைக் கொடுக்கிறார்கள். ஆகவே ‘விலை’ என்று இந்தக் கட்டுரையில் நான் எழுதும் இடங்களில் டாலரை மட்டும் நினைக்க வேண்டாம். 19 வயதில், 20 வயதில், இன்னும் பெரிய மைதானத்தைப் பார்க்காத ஒரு பையனும் அந்த விலையில் அடக்கம்.

இந்தத் தெரிவை அலசுவதற்கு 2016 ஜூலையில் சிகாகோ கப்ஸ் அணி நின்ற இடத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1908க்குப் பிறகு பட்டம் வெல்லாத அணி. அந்த ஆண்டு 103 ஆட்டங்களில் வென்று முடித்த அளவுக்குப் பலமான அணி. பிளே-ஆஃபுக்குள் நுழைவது பற்றி ஜூலையிலேயே யாருக்கும் பெரிய கவலை இல்லை. அக்டோபரில் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸை யார் எறிவது என்பதுதான் கேள்வி. அந்த வேலையைச் செய்பவருக்கு க்ளோஸர் என்று பெயர். நம் டெத் ஓவர் பந்துவீச்சாளரின் அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது கப்ஸின் க்ளோஸர் ஹெக்டர் ரோன்டன். மோசமானவர் இல்லை. ஆனால் 108 ஆண்டுப் பசிக்கு ‘மோசமில்லை’ என்பது போதவில்லை.

அந்த மாதச் சந்தையில் க்ளோஸர்கள் மூவர் இருந்தார்கள். யாங்கீஸிடம் சாப்மன், அதே யாங்கீஸிடம் ஆண்ட்ரூ மில்லர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸிடம் மார்க் மெலான்சன்.

சாப்மனிடமிருந்து தொடங்குவோம். எண்களை மட்டும் பார்த்தால் விவாதமே இல்லை. 2010இல் மணிக்கு 105.1 மைல், அதாவது சுமார் 169 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து சாதனை படைத்தவர். 2016 ஜூலை 18 அன்று அதே வேகத்தை மறுபடி தொட்டார். கடைக்காரர் பொருளைத் துடைத்து முன்வரிசையில் வைத்ததுபோல், அதற்கடுத்த வாரமே அவர் கைமாறினார்.

ஆனால் அவர் யாங்கீஸுக்கு வந்த கதை வேறு. 2015 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுக்க ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு செய்தி வெளியானது. அக்டோபர் 30 அன்று ஃபுளோரிடாவில் அவருடைய வீட்டில் நடந்த தகராறில் அவர் தன் கழுத்தை நெரித்ததாகக் காதலி போலீஸிடம் கூறியிருந்தார். அதன் பிறகு சாப்மன் கேரேஜில் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டார். காதலியைத் தாக்கவில்லை என்று சாப்மன் மறுத்தார், வழக்கும் தொடரப்படவில்லை. இருந்தும் டாட்ஜர்ஸ் பின்வாங்கியது. அந்த இடத்தில் யாங்கீஸ் நுழைந்து நான்கு சாதாரண இளம் வீரர்களைக் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. அந்த நால்வரில் ஒருவரும் பெரிய லீக்கில் நிலைக்கவில்லை. விலை குறைந்ததற்குச் சூழ்நிலைதான் காரணம் என்பதை யாங்கீஸின் பொது மேலாளர் பிரையன் கேஷ்மேன் அப்போது மறைக்கவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து, 2016 ஜூலை 25 அன்று, அதே சாப்மனுக்குக் கப்ஸ் என்ன கொடுத்தது என்று பாருங்கள். கிளேபர் டோரஸ், ஆடம் வாரன், பில்லி மெக்கின்னி, ரஷாட் கிராஃபோர்ட். டோரஸ் அன்று கப்ஸ் அமைப்பின் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவர். 2018இலும் 2019இலும் நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார், 2019இல் 38 ஹோம் ரன் அடித்தார். சாப்மனோ அந்த ஆண்டு முடிவில் ஒப்பந்தம் முடிந்து விடுதலையாகப் போகிறவர். மூன்று மாத வாடகைக்கு இத்தனை கொடுத்தது கப்ஸ்.

என் மனத்தை உறுத்துவது இந்தக் கணக்குத்தான். ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்ட இரவினால் ஒருவருடைய விலை சரிகிறது. யாங்கீஸ் அந்தச் சரிவில் வாங்குகிறது. லீக் 30 ஆட்டத் தண்டனை கொடுக்கிறது, அவர் அதை அனுபவித்து முடிக்கிறார், விலை பழைய உயரத்துக்கு ஏறுகிறது, யாங்கீஸ் விற்கிறது. லாபம் டோரஸ். இந்தச் சங்கிலியில் அந்த இரவு ஒரு தள்ளுபடிக் கூப்பனாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது. கப்ஸின் நிலை இன்னும் வேடிக்கை: அவர்களுக்கு அந்தக் கூப்பன்கூடக் கிடைக்கவில்லை. கறையையும் வாங்கினார்கள், முழு விலையையும் கொடுத்தார்கள்.

வாங்குவதற்கு முன் அணி உரிமையாளர் டாம் ரிக்கெட்ஸ் தொலைபேசியில் சாப்மனிடம் நடத்தை குறித்த எதிர்பார்ப்புகளைப் பேசியதாக அறிவித்தார். முதல் செய்தியாளர் சந்திப்பில் அந்தப் பேச்சைப் பற்றிக் கேட்டார்கள். என்ன சொல்லப்பட்டது என்று சாப்மனுக்குச் சரியாக நினைவில்லை, அது தூங்கும் நேரம் என்ற தொனியில் பதில் வந்தது. மொழிபெயர்ப்புக் குழப்பம் என்று பிறகு விளக்கம் தரப்பட்டது. இருக்கலாம். சிகாகோவில் சில ரசிகைகள் வேறு வழி கண்டார்கள். அவர் எடுக்கும் ஒவ்வொரு சேவுக்கும், அதாவது முன்னிலையைக் காத்து முடித்துத் தரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், 10 டாலர் என்று, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் அமைப்புக்கு நன்கொடை கொடுக்க ஆரம்பித்தார்கள். தம் அணி ஜெயிக்கவும் வேண்டும், மனசாட்சியும் உறங்க வேண்டும் என்ற தவிப்புக்கு இதைவிட நேர்மையான மருந்து எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து மில்லர். உயரமான இடதுகைக்காரர். அவருடைய ஸ்லைடர் அந்த ஆண்டு யாராலும் அடிக்க முடியாத பந்து. பெயரில் கறை இல்லை. ஒப்பந்தம் 2018 வரை இருந்தது. ஆக ஓர் அக்டோபருக்குப் பதில் மூன்று அக்டோபர். எல்லாப் பக்கமும் மேலான பொருள், ஆனால் விலை? யாங்கீஸ் கைல் ஷ்வார்பரைக் கேட்கிறது என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது. ஷ்வார்பர் அந்த ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்திருந்த இளம் அடிப்பாளர். கப்ஸ் அவரைக் கொடுக்க மறுத்தது. ஜூலை 31 அன்று மில்லரை கிளீவ்லாந்து வாங்கியது. கிளின்ட் ஃப்ரேசியர், ஜஸ்டஸ் ஷெஃபீல்டு உள்ளிட்ட நால்வரைக் கொடுத்தது. அக்டோபரில் மில்லர் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் தொடர் நாயகன் ஆனார். அதற்கு அடுத்து அவர் எதிரே நின்றது கப்ஸ்.

மெலான்சனைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. மிரட்டும் வேகம் கிடையாது, கட்டர் என்னும் ஒரு பந்தை அலுக்காமல் ஓரத்தில் வைப்பார். அதற்கு முந்தைய ஆண்டு 51 சேவ். எந்த லீக்கிலும் அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. ஜூலை 30 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை ஃபெலிபே ரிவேரோ, டெய்லர் ஹேர்ன் என்ற இரு இடதுகை பிட்ச்சர்களைக் கொடுத்து எடுத்தது. டோரஸோடு ஒப்பிட்டால் மலிவு. கப்ஸுக்கு ஒரே தடை, பைரேட்ஸ் அதே பிரிவில் விளையாடும் எதிரி. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கும்போது விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். கூட்டிச் சொன்னாலும் டோரஸ் அளவுக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்த இடத்தில் எனக்கே எதிராக ஒன்று சொல்லியாக வேண்டும். பெயரில் எந்தக் கறையும் இல்லாத நிலையில் கைமாறிய அந்த ரிவேரோ, பிறகு ஃபெலிபே வாஸ்கெஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு இருமுறை ஆல்-ஸ்டார் ஆனார். 2019இல் கைதாகி, ஒரு சிறுமிக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 2021இல் தண்டிக்கப்பட்டார். ‘கறையில்லாதவர்’ என்று ஓர் அணி எழுதி வைக்கும் பட்டியல் அன்றைய தேதிக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்கிறது. ஆனால் தெரியாமல் வாங்கியது ஒன்று, தெரிந்து, அதை விலையில் கழித்துக்கொண்டு வாங்குவது இன்னொன்று. முதலாவதற்கு அணியை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

உடம்பில் சிக்கல் உள்ள பிட்ச்சர்களைப் பொறுத்தவரை என் மனம் முழுக்க வேறு பக்கம் சாய்கிறது. அங்கே துணிந்து வாங்கலாம் என்பது என் கட்சி. 2023 டிசம்பர் கடைசியில் அட்லான்டா பிரேவ்ஸ் கிறிஸ் சேலை வாங்கியபோது பலர் சிரித்தார்கள். 2020இல் முழங்கை அறுவைச் சிகிச்சை. 2022இல் விலா எலும்பு முறிவு, திரும்பி வந்த உடனே பேட்டிலிருந்து வந்த பந்து பட்டு விரல் முறிவு, அது ஆறுவதற்குள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவு. ஜாதகம் பார்த்திருந்தால் எந்த ஜோதிடரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அட்லான்டா வான் கிரிஸம் என்ற ஓர் இளைஞரைக் கொடுத்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் சேலோடு 1.7 கோடி டாலரையும் சேர்த்து அனுப்பியது. ஆபத்து எவ்வளவு என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, அதற்கு ஒரு தொகை போட்டு, தாளில் எழுதிக்கொண்டார்கள். 2024இல் சேல் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக் அவுட் (அடிப்பாளர் அடிக்க முடியாமல் அவுட் ஆவது), ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த சராசரி 2.38 ரன். நேஷனல் லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது.

கதை அதோடு முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடலாம். செப்டம்பர் இறுதியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பிளே-ஆஃபில் ஒரு பந்தும் எறியவில்லை. அட்லான்டா சான் டியேகோவிடம் இரண்டே ஆட்டத்தில் வெளியேறியது. இப்படித்தான் உடல் ஆபத்து வேலை செய்யும்: ஏப்ரலில் வரவில்லை, ஜூலையில் வரவில்லை, எதற்காக வாங்கினார்களோ அந்த வாரத்தில் வந்து நின்றது. இருந்தாலும் அந்தப் பரிமாற்றத்தை மறுபடி செய்வார்களா என்று கேட்டால் அட்லான்டாவில் ‘இல்லை’ என்று சொல்ல ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

தோற்ற உதாரணங்களும் நிறைய. ஃபிராங்கி மோன்டாஸ் 2022 ஜூலையில் தோள் வீக்கத்தோடு இருந்தார். ஆகஸ்ட் 1 அன்று யாங்கீஸ் அவரையும் லூ டிரிவினோவையும் நான்கு இளைஞர்களைக் கொடுத்து வாங்கியது. அவ்வாண்டு எட்டு ஆட்டம் தொடங்கினார், சராசரி 6.35. அடுத்த பிப்ரவரியில் தோள் அறுவைச் சிகிச்சை. 2023இல் ஒரே ஓர் ஆட்டத்தில் எட்டிப் பார்த்தார். இன்னும் பழையது, நியூயார்க் மெட்ஸ் ரசிகர்கள் கேட்டாலே முகம் சுளிப்பது: 2004இல் ஸ்காட் கஸ்மிர் என்ற இளம் இடதுகைக்காரரைக் கொடுத்து விக்டர் சாம்பிரானோவை வாங்கினார்கள். சாம்பிரானோ அந்த ஆண்டு மூன்று ஆட்டம் தொடங்கியதும் முழங்கை போய்விட்டது. கஸ்மிர் 2007இல் 239 ஸ்ட்ரைக் அவுட்டோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம்.

இவற்றிலும் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் அவர்களோடு முடிந்தது. மோன்டாஸின் தோள் போனதால் வேறு யாருடைய வீட்டிலும் எதுவும் உடையவில்லை. இந்த ஆபத்து முழுவதும் வாங்குபவன் தலையில்தான் விழுகிறது, ஆகவே அதற்கு விலை பேசும் உரிமையும் அவனுக்கு உண்டு. மருத்துவ ஆவணங்களைப் பார்க்கலாம், பணம் கேட்கலாம், ஆளைக் குறைத்துக் கொடுக்கலாம். அந்த ஆவணங்களை மறைத்தால் லீக் என்ன செய்யும் என்பதற்கும் அதே 2016 ஜூலைதான் சாட்சி. ட்ரூ பாமரன்ஸை ரெட் சாக்ஸுக்கு விற்றபோது மருத்துவத் தகவல்களை முழுமையாகக் காட்டவில்லை என்று சான் டியேகோ பொது மேலாளர் ஏ.ஜே. பிரெல்லருக்குச் சம்பளமில்லாமல் 30 நாள் இடைநீக்கம். பரிமாற்றத்தைத் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பு ரெட் சாக்ஸுக்கு வந்தது, வேண்டாம் என்றது. பாமரன்ஸ் அடுத்த ஆண்டு 17 வெற்றி எடுத்தார். விற்றவர்கள் வாங்கிய ஆன்டர்சன் எஸ்பினோசாவுக்குத்தான் இருமுறை முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. தகவலை மறைத்த மேலாளருக்கும் 30 நாள், சாப்மனுக்கும் 30 ஆட்டம் என்ற பொருத்தத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நல்ல சிரிப்பு இல்லை.

நடத்தை பற்றிய ஆபத்தில் மருத்துவ அறிக்கை கிடையாது. நல்லபடியாக நடந்தால் ஹோம் ரன்னோடு மறந்துபோகும். கெட்டபடி நடந்தால் எப்படி நடக்கும் என்பதற்கு ஆஸ்ட்ரோஸ் உதாரணம். 2018 மே மாதம் டொராண்டோவில் ஓசுனா கைதானார். 75 ஆட்ட இடைநீக்கம் முடியும் தறுவாயில், ஜூலை 30 அன்று, ஆஸ்ட்ரோஸ் அவரை வாங்கியது. குற்றச்சாட்டு பின்னர் செப்டம்பரில் ஓராண்டு நன்னடத்தை உறுதிமொழியோடு திரும்பப் பெறப்பட்டது. வாங்கிய அன்று பொது மேலாளர் ஜெஃப் லூனோ வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய நடத்தைக்கு எங்களிடம் சகிப்பே இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. படித்தவர்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி படித்தார்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்த இரவுக்குத் திரும்புகிறேன். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் கொண்டாட்டம். துணைப் பொது மேலாளர் பிரான்டன் டாப்மன், அங்கிருந்த பெண் செய்தியாளர்களைப் பார்த்து, ஓசுனாவை வாங்கியது எவ்வளவு நல்லதாயிற்று என்று கெட்ட வார்த்தையோடு கத்தினார். அவர்களில் ஒருவர் குடும்ப வன்முறை விழிப்புணர்வுக்கான ஊதா வளையம் அணிந்திருந்தார். அன்று ஓசுனா முன்னிலையைக் கோட்டைவிட்டவர் என்பதைக் கவனியுங்கள். பாராட்டுவதற்கு எதுவுமே இல்லாத இரவு அது. செய்தி வெளியானதும் அணி அதைப் பொய் என்று மறுத்தது. பிறகு ஒப்புக்கொண்டது, டாப்மனை நீக்கியது, மன்னிப்புக் கேட்டது. வேர்ல்டு சீரிஸ் நடந்துகொண்டிருந்த வாரம் முழுக்கப் பேச்சு இதுதான். அந்தத் தொடரையும் நேஷனல்ஸிடம் தோற்றார்கள்.

ஓசுனா அந்த ஆண்டு 38 சேவ் எடுத்து அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குப் பதிலாக டொராண்டோவுக்குப் போன கென் கைல்ஸ் அதே ஆண்டு எடுத்த சராசரி 1.87, ஓசுனாவின் சராசரி 2.63. கைல்ஸ் 2018இல் ஹோம் ரன் கொடுத்த கோபத்தில் தன் முகத்தில் தானே குத்திக்கொண்டவர். ஆஸ்ட்ரோஸ் அவரையே வைத்துக்கொண்டு அந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்டிருக்கலாம்.

கப்ஸுக்கு வருவோம். சாப்மன் என்ன செய்தார் என்பதைக் குறைத்துச் சொன்னால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். வழக்கமான பருவத்தில் 28 ஆட்டம், 16 சேவ், சராசரி 1.01. வேர்ல்டு சீரிஸில் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கி, தோற்றால் வீடு என்ற நிலையில் ஐந்தாவது ஆட்டம். மேலாளர் ஜோ மேடன் ஏழாவது இன்னிங்ஸிலேயே அவரைக் கூப்பிட்டார். எட்டு அவுட், 42 பந்து, 3-2 வெற்றி. அன்று தேதி அக்டோபர் 30. ஃபுளோரிடா சம்பவம் நடந்து நாள் பிசகாமல் ஓராண்டு. மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

ஆறாவது ஆட்டத்தில் பெரிய முன்னிலை இருந்தும் மறுபடி 20 பந்து. ஏழாவது ஆட்டம் இந்தியாவில் வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. எட்டாவது இன்னிங்ஸில் சாப்மன் வந்தபோது கப்ஸ் 6-3 முன்னிலை. வேகம் குறைந்திருந்தது. பிரான்டன் கையர் டபிள் அடித்து ஒரு ரன் கொண்டுவந்தார். ரஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸை சாப்மன் ரன் கொடுக்காமல் முடித்தார். மழைக்காக 17 நிமிட இடைவெளி. பத்தாவது இன்னிங்ஸை யார் தொடங்கினார்? மில்லருக்காகக் கொடுக்க மறுக்கப்பட்ட ஷ்வார்பர். ஒற்றை அடி அடித்து ஏறினார்; அவருக்குப் பதிலாக ஓடியவர்தான் முன்னிலை தந்த ரன்னை எடுத்தார். கப்ஸ் 8-7 என்று வென்று பட்டம் பெற்றது. ஷ்வார்பர் அந்தத் தொடரில் 17 முறை ஆடி 7 அடி அடித்தார். மில்லரோ அந்த ஏழாவது ஆட்டத்தில் ஓய்வு பெறப்போகும் கேட்ச்சர் டேவிட் ராஸிடம் ஹோம் ரன் வாங்கினார். ஷ்வார்பரைக் கொடுத்து மில்லரை வாங்கியிருந்தால் பட்டம் வந்திருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே என் தெரிவு மில்லரும் அல்ல. 2016 ஜூலையில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் முதல் தொலைபேசி பிட்ஸ்பர்க்குக்கு, மெலான்சனுக்காக. பக்கத்து வீட்டு விலை சொன்னாலும் பேரம் பேசியிருப்பேன். அது படியவில்லை என்றால் ஷ்வார்பர் இல்லாமல் மில்லரைக் கேட்டிருப்பேன், டோரஸைக் கொடுக்கவும் தயங்கியிருக்க மாட்டேன். அதுவும் இல்லை என்றால் ரோன்டனோடும் கையில் இருப்பவர்களோடும் அக்டோபருக்குப் போயிருப்பேன். உடம்பு சரியில்லாதவர் யாராவது மலிவாக வந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டிருப்பேன். சாப்மனைக் கேட்டிருக்க மாட்டேன். பட்டம் போயிருக்கலாம். சிகாகோவில் என்னைக் கல்லால் அடித்திருப்பார்கள்.

கையில் இருப்பவர்களைப் பற்றி ஒன்று. சாப்மனுக்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 20 அன்று, கப்ஸ் சத்தமில்லாமல் இன்னொரு பிட்ச்சரை வாங்கியிருந்தது. சியாட்டிலிலிருந்து மைக் மான்ட்கோமரி. விலை டான் வோகல்பாக், பால் பிளாக்பர்ன் இருவரும். பத்திரிகைகளில் சிறு செய்தி. நவம்பர் 2 இரவு, அதே ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 முன்னிலை, இரண்டு அவுட், ஓடுகளத்தில் ஒருவர். சாப்மன் ஏற்கெனவே வெளியே. மேடன் மான்ட்கோமரியைக் கூப்பிட்டார். மெதுவாக உருண்டு வந்த பந்தை கிரிஸ் பிரையன்ட் எடுத்து எறிந்தார், ஆந்தனி ரிஸ்ஸோ பிடித்துப் பின்பையில் செருகிக்கொண்டார். மேஜர் லீக்கில் மான்ட்கோமரி எடுத்த முதல் சேவ் அது.